சுத்தமாக இருந்த லாரிதான் நின்றது: பலர் பகிர்ந்து ஓட்டும் வேலை லாரிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024இல் சிங்கப்பூரில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில் நடந்தது. நிலத்தடி மின்கேபிள் பதிப்பது அவர்கள் தொழில். யார்டு சுங்கை காடுட்டில். ஊழியர்களில் பெரும்பாலோர் கிராஞ்சிப் பக்கம் உள்ள விடுதியில் தங்குகிறார்கள். பாதிக்கு மேல் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, புதுக்கோட்டை வட்டாரத்துத் தமிழர்கள். அடுத்தபடியாகப் பங்களாதேஷ்காரர்கள், கொஞ்சம் உள்ளூர்க்காரர்கள். நான் அங்கே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

நிறுவனத்திடம் நான்கு 14 அடி லாரிகள். மூன்று பத்து வயதைக் கடந்தவை. வாகன உரிமைச் சான்றிதழை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கப் பத்தாண்டுக்கு வாங்கும் அனுமதியை, புதுப்பித்து ஓட்டுகிறார்கள். நான்காவது 2022இல் புதிதாக வாங்கியது. ஓட்டக்கூடியவர்கள் ஏழு பேர். அதில் முழுநேர ஓட்டுநர் ஒருவர்தான்: அறுபதைத் தாண்டிய உள்ளூர்த் தமிழர், எல்லோருக்கும் ‘பெரியண்ணே’. மற்ற ஆறு பேரும் குழி வெட்டி, கேபிள் இழுத்து, மண் மூடுகிற ஊழியர்கள். லைசன்ஸ் இருப்பதால் காலையும் மாலையும் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள், அதற்கு மாதம் ஒரு படி உண்டு. இந்த விவரம் தெரியாமல் மேற்கொண்டு படித்தால் ‘இவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா’ என்றுதான் தோன்றும்.

யாருக்கு எந்த லாரி என்பதும் இஷ்டப்படி முடிவு செய்யக்கூடியதல்ல. வெற்று எடை 2,500 கிலோ வரை வகுப்பு 3 லைசன்ஸ் போதும், அதைத் தாண்டினால் வகுப்பு 4 வேண்டும். நான்கில் இரண்டு லாரிகள் அந்த வரம்பைத் தாண்டியவை. வகுப்பு 4 வைத்திருந்தவர்கள் மூன்று பேர்தான்.

அப்புறம் நேரம். போக்குவரத்து அதிகமுள்ள சாலைகளைத் தோண்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். இரவுக் குழு விடிகாலை ஐந்து மணி வாக்கில் விடுதிக்குத் திரும்பும். அதே லாரியில் பகல் குழு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். விடுதி வாசலில் லாரியை வெகுநேரம் நிறுத்தவும் முடியாது, பின்னால் மற்றக் கம்பெனி லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆக, ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியை நீட்டுவார், இன்னொருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாங்குவார். ஒப்படைப்பு என்று அங்கே இருந்தது அவ்வளவுதான்.

ஆட்களை ஏற்றும் லாரிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் சில கூடுதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. பின்புறத்துக்கு மழைத் திரை இருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு துணையாள் உட்கார வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவர் ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்கு முன் குறைந்தது 30 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நிறுவனம் இவற்றைக் காகிதத்திலும் கூடியவரை நடைமுறையிலும் கடைப்பிடித்துவந்தது.

முதலில் கண்ணில் பட்டது

பேச்சு குப்பையில்தான் தொடங்கியது. கேபினில் காலி டின்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பி சிந்திய கறை, ஈரக் கையுறை, யாருடையது என்று தெரியாத ஒற்றை பூட்ஸ். பின்னால் காய்ந்த களிமண், கேபிள் துண்டுகள், ஆணி, கேட்டரிங் சாப்பாட்டுப் பொட்டலம். சாம்பார் கொட்டி இரண்டு நாள் வெயிலில் நின்ற லாரியின் வாசனையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு லாரியில் மழைத் திரையைச் சுருட்டிக் கட்டிய மடிப்பில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டெங்கிக்காக வீடு வீடாகச் சோதனை நடக்கிற ஊரில் அதைச் சாதாரணக் குப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருந்தது. பகல்காரர்கள், “ராத்திரி ஓட்டுறவங்க டீசலை முள்ளு கீழ போற வரைக்கும் ஓட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போறாங்க” என்றார்கள். இரவுக்காரர்கள், “சாயங்காலம் நாங்க ஏறுறப்ப உட்கார இடம் இருக்கா பாருங்க, எல்லாம் சேறு” என்றார்கள். டீசல் அட்டை அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது, இரவில் அதை எடுக்க ஆள் கிடையாது. அதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் செயல்பாட்டு மேலாளர் முதல் முடிவை எடுத்தார்: லாரியில் யாரும் சாப்பிடக் கூடாது. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கேட்டரிங் பொட்டலம் விடுதிக்கு விடியுமுன் வந்துவிடும், சைட்டில் இறங்கியதும் வேலை தொடங்கிவிடும். காலைச் சாப்பாட்டுக்கு லாரியை விட்டால் வேறு நேரமும் இல்லை, இடமும் இல்லை. தடை வந்த பிறகும் ஆட்கள் லாரியில்தான் சாப்பிட்டார்கள், பொட்டலத்தை மட்டும் இருக்கைக்கு அடியில் திணித்தார்கள்.

ஊக்கத்தொகைத் திட்டம்

மார்ச்சில் இரண்டாவது முடிவு வந்தது. முதலில் அபராதம் போடலாம் என்றுதான் மேலாளர் நினைத்தார். சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது, வண்டி அழுக்கு என்று சொல்லிப் பிடிக்க முடியாது என்று கணக்கர் தடுத்தார். எனவே அபராதம் ஊக்கத்தொகையாக மாறியது. மாதம் இருமுறை லாரிகளைப் பார்ப்பார்கள். சுத்தமாகவும் குறையில்லாமலும் இருந்தால் அந்த லாரியை ஓட்டிய அனைவருக்கும் ஒரு தொகை. குறை ஏதாவது தென்பட்டால் அந்த மாதம் அந்த லாரிக்காரர்கள் யாருக்கும் கிடையாது.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது, பலனும் உடனே தெரிந்தது. டேஷ்போர்டு பளபளத்தது. டயருக்குக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். கண்ணாடியில் விபூதிக் கீற்றும் சந்தனப் பொட்டும் புதிதாக இருந்தன. நான்கு லாரிகளிலும் 2022இல் வாங்கிய லாரிதான் முதலிடம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதன் ஓட்டுநர்கள் முழுத் தொகை வாங்கினார்கள்.

‘குறை’ என்ற ஒரே கட்டத்துக்குள் சாம்பார்க் கறையையும் பிரேக் சத்தத்தையும் சேர்த்துப் போட்டதுதான் இந்தத் திட்டத்தின் கோளாறு. பிரேக் உரசுகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் அந்த லாரியை ஓட்டும் மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் போகும். ஊருக்கு அனுப்பும் பணத்தில் வெட்டு விழும்போது அறைத்தோழன் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த இரண்டு மாதத்தில் ஓட்டுநர்கள் எழுதிக் கொடுத்த பழுதுப் புகார் ஒன்றுகூட இல்லை. அலுவலகம் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டது.

லாரி நின்ற காலை

ஜூன் மாதம் பழைய லாரிகளில் ஒன்று கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. சரக்கு வாகனம் பத்து வயதுக்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையும் அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இந்தச் சோதனை உண்டு. ஒரு லாரி குறைந்ததால், வழக்கமாக உட்லண்ட்ஸ் சைட்டுக்கு மட்டும் போய்வரும் புது லாரியை ஜூரோங்குக்கு அனுப்பினார்கள்.

கிராஞ்சி விரைவுச்சாலையில் ஏறிச் சிறிது தூரம் போனதும் வண்டி வேகம் எடுக்க மறுத்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் கனரக வண்டிகள் சீறிக்கொண்டு போகின்றன. ஓட்டியவர் பட்டுக்கோட்டைக்காரர், முப்பது வயது. அபாய விளக்கைப் போட்டு, இடது ஓரத்தில் ஊர்ந்து, சாலையோரத் தடத்தில் நிறுத்தினார். துணையாள் இறங்கி எல்லோரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஏற்றி நிறுத்தினார். இருவரும் செய்தது சரியான காரியம். யாருக்கும் காயமில்லை.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து லாரியை விரைவுச்சாலைக்கு வெளியே ஒரு கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த இழுவைக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்கு இழுத்த செலவும், ஆட்களுக்கு மாற்று வண்டி பிடித்த செலவும், ஜூரோங்கில் அரை நாள் வேலை நின்றதும் நிறுவனத்தின் கணக்கில் விழுந்தன.

வொர்க்‌ஷாப் கண்டுபிடித்தது

மெக்கானிக் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளக்கம் தேவை. சிங்கப்பூரில் 2018 ஜனவரியிலிருந்து புதிய டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 புகைத் தரம் கட்டாயம். இந்த வண்டிகளில் புகைபோக்கிக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கும். டீசல் புகையின் கரி அதில் படியும். வண்டி ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓடினால் குழாய் சூடேறி, படிந்த கரி தானாக எரிந்துவிடும். சின்னத் தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினால் அந்தச் சூடு வராது, கரி சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு மினுக்கும். அப்போது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, அதற்குரிய பட்டனை அழுத்த வேண்டும். இன்ஜின் தானே வேகத்தைக் கூட்டி இருபது நிமிடம் போல ஓடி, கரியை எரித்து முடிக்கும். புகைக்குழாய் அந்த நேரத்தில் கடுமையாகச் சுடும் என்பதால், கீழே காய்ந்த இலையோ அட்டையோ கிடக்கக் கூடாது. விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் அது வேகமாக மினுக்கும். அதையும் விட்டால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். கிராஞ்சி விரைவுச்சாலையில் நடந்தது அந்தக் கடைசிக் கட்டம்.

இந்த லாரியின் வேலையே உட்லண்ட்ஸுக்கும் கிராஞ்சிக்கும் இடையே குட்டித் தூரம். பழைய மூன்று லாரிகளிலும் இப்படி ஒரு பட்டனே கிடையாது, ஓட்டுநர்கள் பழகியதெல்லாம் அவற்றில்தான்.

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. ஆயில் குறைவதுதானே வழக்கம், எப்படிக் கூடும்? கரியை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறது. பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால், எரியாத டீசலில் கொஞ்சம் கீழே வடிந்து ஆயிலோடு கலந்துவிடும். பலமுறை அப்படி நடந்திருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் இன்ஜினே போயிருக்கும் என்றார்.

லாரியைத் தூக்கியதில் இன்னொன்றும் தெரிந்தது. பின்பக்க இரட்டை டயர்களில் உள்பக்கத்து டயர் காற்றிறங்கி, பாரம் முழுவதையும் வெளி டயர் சுமந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே முட்டை அளவு கருங்கல் ஒன்று மாட்டியிருந்தது. ஓடும்போது அது தெறித்தால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கதி என்ன? வெளி டயர் கறுப்புப் பூச்சில் மின்னியது.

விசாரணையில் வெளிவந்தவை

அந்த லாரியை ஓட்டிய மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசினோம். பங்களாதேஷ் ஓட்டுநருக்காக அவருடைய நாட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். மூவருமே விளக்கு மினுக்கியதைப் பார்த்திருக்கிறார்கள்.

பட்டுக்கோட்டைக்காரர் சொன்னது: “ஆமாண்ணே, மினுக்குச்சு. முன்ன ஓட்டுனவருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆபிஸ்ல சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். நான் போய்ச் சொன்னா ‘நீ என்ன பண்ணுன’ன்னுதானே முதல்ல கேப்பாங்க? மூணு பேரு காசும் போயிரும்.” பங்களாதேஷ்காரர் பட்டனை ஒருமுறை அழுத்தியிருக்கிறார். இன்ஜின் திடீரென்று உறுமியதில் பயந்து அணைத்துவிட்டார். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டால் அபராதம் விழும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. மூன்றாமவர் அந்த விளக்கு சர்வீஸ் தேதியை நினைவூட்டுவது என்று எண்ணியிருந்தார்.

லாரி வந்த அன்று விற்பனையாளர் பட்டனைப் பற்றி விளக்கியிருக்கிறார், ஆனால் கேட்டுக்கொண்டது பெரியண்ணனும் அலுவலக எழுத்தரும் மட்டும். பெரியண்ணன் ஓட்டுவது வேறு லாரி. அவரிடம் கேட்டபோது, “என்னை யாருப்பா கேட்டா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தினசரிச் சோதனைத் தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். முப்பது வரிகள், அத்தனையும் ஆங்கிலத்தில். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரு லாரியில் வியாழன், வெள்ளிக்கான டிக்குகள் புதன்கிழமையே போடப்பட்டிருந்தன. இதைப் பார்த்து மேலாளர் கொதித்தார். விடிகாலை வாசலில் சாவி கைமாறும் அந்த இரண்டு நிமிடத்தில் முப்பது வரியை எவரால் பார்க்க முடியும் என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அதற்கென்று யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவுமில்லை, கூலி கொடுக்கப்படவுமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜூலை முதல் வாரத்தில் முதலாளி, மேலாளர், பெரியண்ணன், இரண்டு ஓட்டுநர்கள், நான் எல்லோரும் யார்டில் உட்கார்ந்து பேசினோம். முதலாளி சீனர். தமிழ் ஓட்டுநர்கள் சொன்னதைப் பெரியண்ணன் மலாய் கலந்து அவருக்கு எடுத்துச் சொன்னார். அதிலேயே பாதிக் காரம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் ஊக்கத்தொகை நீக்கப்பட்டது. அந்தப் பணத்தை வேறு விதமாகப் பிரித்தோம். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பொறுப்பு ஓட்டுநர். மற்றவர்களும் அதை ஓட்டுவார்கள், ஆனால் அந்த லாரியின் நிலை இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மாதப் படி உண்டு. குறை கண்டுபிடிக்கப்பட்டாலும் அந்தப் படி குறையாது. முதலாளிக்கு இது புரியவில்லை: “வண்டி கெட்டாலும் காசா?” கெட்டதைச் சொல்வதற்குத்தான் காசு என்று பெரியண்ணன் சொன்ன பிறகு சம்மதித்தார். ஒரு லாரிக்கு ஒரே ஓட்டுநர் என்று வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இரவு பகல் மாற்றத்திலும் லைசன்ஸ் வகுப்பிலும் அதற்கு வழியில்லை.

அடுத்தது நேரம், என் பார்வையில் இதுதான் முக்கியம். வண்டியை விடுபவருக்கும் எடுப்பவருக்கும் கால் மணி நேரம், மிகைநேரக் கணக்கில் கூலியோடு. விடுதி வாசலில் நிறுத்த முடியாததால், இரவுக் குழுவை இறக்கிய பின் லாரி யார்டுக்கு வரும், பகல் ஓட்டுநர் அங்கே வந்து எடுத்துக்கொள்வார். இதைப் பேசும்போது ஒரு யோசனை வந்தது: மாலையில் ஓட்டுநருக்கு எப்படியும் 30 நிமிட ஓய்வு கட்டாயம், அந்த நேரத்தில் வண்டியைக் கூட்டித் துடைக்கட்டுமே? அதை ஏற்கவில்லை. நாள் முழுக்கக் குழி வெட்டியவர் தூங்கி வழியாமல் ஓட்டவே அந்த ஓய்வு இருக்கிறது. அதில் துடைப்பத்தைக் கொடுத்தால் விதியைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்கிறோம் என்று ஆகும்.

சோதனைத் தாள் எட்டு வரியானது. தமிழிலும் வங்காளத்திலும், படங்களோடு. டயர் நான்கு அல்ல ஆறு என்று படத்தில் எண் போட்டோம், உள்பக்கத்து டயரை யாரும் மறக்கக் கூடாது என்பதற்காக. எழுத விரும்பாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடலாம். சாவியைத் திருப்பி இன்ஜின் ஓடும் நிலையில் டேஷ்போர்டை ஒரு படம் எடுத்துப் போடுவது மட்டும் கட்டாயம். எந்த விளக்கு எரிந்தாலும் அது படத்தில் விழுந்துவிடும், ‘நான் பார்க்கவில்லை’ என்பதற்கும் ‘நான் சொன்னேனே’ என்பதற்கும் இடமில்லை. புது லாரியின் பட்டனுக்குப் பக்கத்தில் தமிழிலும் வங்காளத்திலும் ஒரு சீட்டு ஒட்டினோம்: விளக்கு மினுக்கினால் போன் செய், எரிந்து முடியும்வரை இன்ஜினை அணைக்காதே.

குறை வந்ததும் மேலாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வியையும் தீர்மானித்தோம்: “வண்டி இப்போது ஓடலாமா?” யார் செய்தது என்பதெல்லாம் பிறகு. எந்த ஓட்டுநரும் ‘இந்த லாரியை இன்று எடுக்க மாட்டேன்’ என்று சொல்லலாம். ஆனால் மாற்று வண்டி இல்லாவிட்டால் அந்த உரிமை பேச்சளவில்தான் நிற்கும். ஆகவே, வாடகை லாரிக் கடை ஒன்றுடன் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது.

கழுவும் விஷயத்தில் இடத்தை யோசிக்க வேண்டியிருந்தது. விடுதிப் பக்கத்துச் சாலையோரத்தில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் சிலருக்கு இருந்தது. சிங்கப்பூரில் மழைநீர் வடிகால்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. கிராஞ்சி நீர்த்தேக்கம் யார்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எண்ணெயும் சோப்பும் அதில் கலக்கக் கூடாது என்பது சட்டமும்கூட. எனவே, கழிவுநீர்க் குழாயோடு இணைந்த யார்டின் கழுவுமிடத்தில் மட்டும், சனிக்கிழமை மதியம், வேலை நேரத்துக்குள்.

வெளிநிறுவனத்தை வைத்துக் கழுவுவது, கேபினில் கேமரா வைப்பது இரண்டும் பேச்சில் வந்து போயின. கழுவுகிற ஆள் டயரில் மாட்டிய கல்லைப் பார்த்தாலும் யாரிடம் சொல்வார்? கேமரா பற்றி நான் எதுவும் சொல்வதற்குள் பெரியண்ணனே எழுந்துவிட்டார்.

சாப்பாட்டுத் தடை கைவிடப்பட்டது. சைட்டில் இறங்கியதும் பத்து நிமிடம் சாப்பாட்டுக்கு, ஒவ்வொரு லாரியிலும் மூடி போட்ட வாளி ஒன்று. டீசல் அட்டையின் இன்னொரு பிரதி இரவு மேற்பார்வையாளரிடம் போனது. இந்த இரண்டுக்கும் கூட்டத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பாதிச் சண்டை இவற்றால்தான் நின்றது.

தொடர்ந்து நடந்தவை

முதல் மாதம் வாட்ஸ்அப் குழு நிரம்பி வழிந்தது. பிரேக் சத்தம், வைப்பர் கிழிசல், பின்கதவுக் கொக்கி, ஹார்ன், பக்கக் கண்ணாடி விரிசல் என்று வரிசையாக வந்தன. முதலாளி கலங்கிப்போனார். “முன்பு நன்றாகத்தானே ஓடின, இப்போது ஏன் எல்லாம் ஒரே நேரத்தில் கெடுகிறது?” ஜூலை, ஆகஸ்ட் இரு மாதமும் வொர்க்‌ஷாப் பில் முன்பைவிட அதிகம். மேலாளர் அந்தக் கட்டத்தில் திட்டத்தை நிறுத்தாமல் இருந்ததற்கு அவரைப் பாராட்ட வேண்டும். செப்டம்பரில் புகார்கள் குறைந்தன. பழைய லாரி ஒன்று கட்டாயச் சோதனையில் மறுசோதனை இல்லாமல் முதல் தடவையிலேயே தேறியது.

அக்டோபரில் ஆயுத பூஜை. வருடாவருடம் அன்று லாரிகளுக்குக் குளியல், மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. இந்த முறை, குழுவில் படம் போட வேண்டுமே என்று ஒரு பொறுப்பு ஓட்டுநர் லாரிக்கு அடியில் புகுந்து பட்டைகளையும் கழுவினார். சேறு கரைந்ததும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்றில் விரிசல் தெரிந்தது. மாலை போட்ட லாரி பூஜை முடிந்த கையோடு வொர்க்‌ஷாப்புக்குப் போனது. அதிலிருந்து மாதம் ஒருமுறை அடிப்பக்கமும் கழுவப்படுகிறது.

சறுக்கல்களும் உண்டு. பொறுப்பு என்றதும் ஒருவருக்கு லாரி சொந்தம் போல ஆகிவிட்டது. ஈர பூட்ஸோடு ஏறிய பங்களாதேஷ் ஓட்டுநரை ஆட்கள் முன்னிலையில் கத்திவிட்டார். இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. வண்டியைப் பற்றி எதுவானாலும் அவர் குழுவில் போட வேண்டும், ஆளைப் பற்றி என்றால் மேலாளரிடம் வர வேண்டும் என்று முடிவானது. அவர்கள் நண்பர்களாகவில்லை, வேலை நடக்கிறது.

நவம்பரில் புது லாரியின் பொறுப்பு ஓட்டுநர், அதே பட்டுக்கோட்டைக்காரர், தங்கை கல்யாணத்துக்காக ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனார். இரண்டாவது வாரத்திலேயே டேஷ்போர்டு படங்கள் நின்றுபோயின, கேபின் பழைய கோலத்துக்குத் திரும்பியது. விளக்கு மினுக்கியதை மட்டும் பங்களாதேஷ் ஓட்டுநர் குரல் பதிவில் சொன்னார். யார்டில் நிறுத்தி எரித்து முடித்தார்கள். அந்த ஒன்றாவது நிலைத்ததே என்று இருந்தது.

பின்தட்டுச் சேறு இன்னும் தீரவில்லை. பெரிய கட்டுமானத் தளங்களில் வெளியேறும் வண்டிகளைக் கழுவ வசதி இருக்கும். இரவில் சாலையோரம் தோண்டுகிற சின்னக் குழுவுக்குக் குழாய் ஏது? தண்ணீர்க் கேன் கொடுத்துப் பார்த்தார்கள், பூட்ஸ் கழுவவே அது போதவில்லை.

மாற்ற வேண்டியவை

முதலில் நேரம், பிறகு தாள் என்ற வரிசையில் தொடங்கியிருக்கலாம். எட்டு வரித் தாளை அறிமுகப்படுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் கால் மணி நேரக் கூலி கணக்கில் ஏறியது. அந்த இரண்டு வாரத் தாள்களில் பழையபடி டிக் மட்டுமே இருந்தது.

ஒவ்வொரு லாரிக்கும் இரண்டாவது பொறுப்பாளர் வேண்டும். விடுப்பு, நோய், வேறு கம்பெனிக்கு மாற்றம் எல்லாம் இங்கே சாதாரணம்.

புது லாரியை உட்லண்ட்ஸுக்கே கட்டிப்போடாமல், வாரத்தில் ஒரு நாளாவது தெம்பனீஸ் போன்ற தூரச் சைட்டுக்கு அனுப்ப வேண்டும். விரைவுச்சாலையில் அந்த ஓட்டமே கரியைத் தானாக எரித்துவிடும், பட்டனுக்கு அவ்வளவு வேலை இருக்காது. ஓட்டப் பட்டியல் போடுகிற எழுத்தரிடம் இதைச் சொன்னதும் அன்றைக்கே மாற்றிவிட்டார்.

வாங்குகிற எந்த லாரிக்கும் விற்பனையாளர் தரும் விளக்கத்தை, அதை ஓட்டப்போகிற அனைவரும் அவரவர் மொழியில் கேட்க வேண்டும். பழைய மூன்றில் ஒன்றை அடுத்த ஆண்டு மாற்றப் பேச்சு நடக்கிறது, வரப்போவதிலும் இதே வடிகட்டி இருக்கும். இரண்டாவது பொறுப்பாளர்களுக்குப் பாதிப் படி கொடுப்பது பற்றிய கோரிக்கை முதலாளியின் மேசையில் இருக்கிறது. அவர் ஆகஸ்ட் மாத வொர்க்‌ஷாப் பில்லையும் அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஜூன் மாத பில்லையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.